எட்டு வருடத்துக் கொட்டாவி

இந்த உலகத்தில் கொட்டாவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் ஆபீஸில் தபால் பிரிவு கிளார்க்காக இருந்தார். நீங்களும் நானும் கொட்டாவி வந்தால் வாயைப் பொத்திக்கொள்வோம். பக்கத்தில் யாராவது விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவர் கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, காது கொடுத்துக் கேட்பார். கொட்டாவி நன்றாக அமைந்துவிட்டால் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, “ஆகா” என்பார்.

கடலூர் செம்மண்டலத்தில் இருந்த அந்த ஆபீஸின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், அங்கே இன்னும் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு நேரம் நிறைய உண்டு. 2004-ல் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் கொட்டாவி மாஸ்டர்தான். நேரில் கூப்பிடும்போது மட்டும் வெறும் மாஸ்டர்.

மாஸ்டர் பட்டம் சாக்ஸபோனால் வந்தது. சிதம்பரத்தில் ஒரு பேண்டு செட்டோடு சேர்ந்து முகூர்த்த நாட்களில் வாசிப்பார். புதுச்சேரியில் ரிட்டையர் ஆன பேண்டுக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய சாக்ஸ் அது. அங்கங்கே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அதைக் குடைத்துணியில் தைத்த பையில் போட்டு, மாசமான பெண்ணைக் கூட்டி வருவது போல அத்தனை பதனமாக பஸ்ஸில் ஏற்றுவார். நானும் அவரும் சிதம்பரம். காலை ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறினால் பு.முட்லூர், ஆலப்பாக்கம் தாண்டி கடலூர் வந்து சேர ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் சாக்ஸுக்குத்தான் ஜன்னல் சீட். எனக்கில்லை. இதற்காக நான் அவரோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

வாசிப்பில் மேலே ஏறும்போது அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சரசரவென்று உச்சிக்குப் போய் நிற்பார். சிக்கல் இறங்கும்போதுதான். மேல் ஸ்தாயியிலிருந்து கீழ் ஸ்தாயிக்கு ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு வரவேண்டிய இடத்தில், வாலை மிதித்த பூனை மாதிரி ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும்.

“ஏறுறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல டைப்பிஸ்ட்டம்மா,” என்று ஒரு நாள் பஸ்ஸில் எனக்குப் புரியவைத்தார். “பின்னாடி கட்டைவெரலுக்குன்னு ஒரு சாவி இருக்கு. அழுத்துனா மேல போயிடும். எறங்குறப்ப அந்த வெரல எடுத்துட்டா போதும்னு நெனைக்கிறோம். வெரலு எறங்கிடுது, தொண்ட எறங்க மாட்டேங்குது. அது இன்னும் மாடியிலயே நிக்குது. ஒதடு வேற பயந்துபோயி, வாயில வெக்கிற அந்த ரீடு பட்டைய கடிச்சிடுது. கீச்சுன்னு கத்தாம இன்னா பண்ணும்?”

“ஒவ்வொரு படியா எறங்குனா?”

“அது யாரு வேணா எறங்குவான். நடுவுல எங்கயும் நிக்காம, நாக்க தட்டாம, மேலேருந்து ஒரே தாவா கீழ வரணும். வந்தது தெரியக்கூடாது.”

சரி, கீச்சு வந்தால் வரட்டுமே, கல்யாண வீட்டில் யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் ரெஜினா கதையைச் சொன்னார். ரெஜினா அவருடைய ஒரே மகள். நான் சேர்ந்த அந்த வருடம் ஈஸ்டருக்கு சர்ச்சில் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். அப்போது பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். பக்கத்தில் அப்பா சாக்ஸ். பாட்டு உச்சிக்குப் போய் கீழே விழும் இடத்தில் மகள் குரல் அழகாக இறங்கியது. அப்பா சாக்ஸ் கீச்சிட்டது. முன்வரிசைக் குழந்தைகள் கெக்கெக்கே என்று சிரித்தன, அவர்களைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள், கடைசியில் பாதிரியாரே புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். ரெஜினா பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அழவில்லையாம். “அப்பா, இனிமே நான் பாடுறப்ப நீங்க வாசிக்காதீங்க” என்று மட்டும் சொன்னாளாம்.

“அடிச்சிருந்தாகூட பரவால்ல,” என்றார் மாஸ்டர். “உன் கல்யாணத்துல கீச்சு இல்லாம வாசிச்சுக் காட்டுறேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அன்றிலிருந்து அவருக்கு அந்த ஒரே ஒரு இறக்கம்தான் வாழ்க்கை. மகள் கல்யாணம், மகள் காது, கீச்சில்லாத ஒரு தாவல். இதற்கு முன்னால் பதவி உயர்வு, கூரை ஒழுகல், சர்க்கரை வியாதி எல்லாம் அவருக்குத் துச்சம்.

கொட்டாவி எப்படி உள்ளே வந்தது என்று கேட்பீர்கள். அது ஆலப்பாக்கத்தில் பஸ் ஏறியது. கருவாட்டு வியாபாரி ஒருவர் எங்களுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டார். சாதாரணக் கொட்டாவி இல்லை. “ஆஆஆ” என்று உச்சத்தில் ஆரம்பித்து, ஒரு பிசிறும் இல்லாமல் வழுக்கி வழுக்கி வந்து, அடிவயிற்றில் “ஹ்ம்ம்” என்று உட்கார்ந்தது. மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டீங்களா? இந்த மனுசன் எந்த வாத்தியார்கிட்டயும் கத்துக்கல. எவனாவது கொட்டாவி வுடுறப்ப கீச்சுன்னு சத்தம் வந்து பாத்திருக்கீங்களா? தொண்ட தொறந்துக்குது, தாட தொங்கிடுது, சத்தம் தானா எறங்குது!”

சொல்லிவிட்டு எழுந்து அந்த வியாபாரியிடமே போனார். “அண்ணே, இன்னொரு வாட்டி வுடுங்கண்ணே.”

“எத?”

“இப்ப வுட்டீங்களே, அந்தக் கொட்டாவி.”

“யோவ், கேலி பண்றியா? வெடிய மூணு மணிக்கு எழுந்து வந்தவன்யா நானு!”

“அதான்ணே வேணும். அந்த மூணு மணி அசதி எனக்கு வராது.”

கண்டக்டர் வந்து விலக்கிவிட்டார். வியாபாரி கடலூர் வரை வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் கொட்டாவி தேடி அலைய ஆரம்பித்தார். எங்கே பேச்சு நீளுமோ அங்கே போய் உட்காருவார். பட்டிமன்றம், பாராட்டு விழா, பிரிவு உபசாரம் எதையும் விடவில்லை. பேச்சாளர்கள் அவரைப் பெரிய ரசிகர் என்று நினைத்தார்கள். அவர் மேடைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பது பாதிப் பேச்சுக்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டு யார் கொட்டாவி எப்படி இறங்கியது என்று குறித்துக்கொள்வார்.

அந்த நோட்டு ஒரு நாள் எங்கள் சூப்பிரண்டெண்டு கையில் மாட்டிவிட்டது. மாதாந்திரக் கூட்டத்தில் அவர் விட்ட கொட்டாவிக்கு எதிரே, ‘தொடக்கம் அருமை, நடுவில் உடைந்துவிட்டது’ என்று எழுதியிருந்தது. மெமோ பறந்து வந்தது. மாஸ்டர் பதில் எழுதினார், நான்தான் டைப் அடித்தேன். ‘பார்வையில் கண்ட மெமோவிற்குப் பணிந்து சமர்ப்பிக்கும் விளக்கம். தங்கள் கொட்டாவியைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோன பதற்றத்தில் தங்கள் தாடை இறுகிவிட்டதே குறைக்குக் காரணம். இனிவரும் கூட்டங்களில் தாங்கள் கூச்சமின்றி விட்டால் சிறப்பாக அமையும் எனத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

இதை அனுப்பாதீர்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அனுப்பினார். சூப்பிரண்டெண்டு அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. மேல் நடவடிக்கையும் இல்லை. அடுத்த கூட்டத்தை மட்டும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். மாஸ்டருக்கு அதுதான் பெரிய தண்டனை.

தியரி கிடைத்துவிட்டது, இனி பிராக்டிகல் என்று ஒரு ரிசப்ஷனில் இறங்கினார். சாக்ஸை வாயில் வைத்துக்கொண்டே, இறங்கும் இடம் வரும்போது உள்ளுக்குள் கொட்டாவி விடவேண்டும். வெளியே தெரியக்கூடாது. ஆனால் கொட்டாவியைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மாஸ்டர் மறந்துவிட்டார். அது ஒட்டிக்கொள்ளும். மாஸ்டர் கண்கள் சொருகி மூக்கு விரிவதைப் பார்த்த மாப்பிள்ளை முதலில் கொட்டாவி விட்டான். பிறகு பெண். பிறகு முன்வரிசை, வீடியோக்காரர், வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்த அத்தை. எங்கள் பக்கத்தில் கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே விரலைச் சொடுக்குவது வழக்கம். ஆயுசு குறையாமல் இருக்க என்பார்கள். அன்று அந்த மண்டபம் முழுக்கப் பொரி பொரிவது போலச் சொடக்குச் சத்தம். அதைக் கேட்டு மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாடை இறுகியது. கீச்.

பேண்டு செட் ஓனர் மறுநாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “மாமா, நீ நல்லா ஏறு. எவ்ளோ வேணா ஏறு. எறங்குற எடம் வந்தா மட்டும் வாய எடுத்துடு. கிளாரினெட்டு எறங்கிக்கும்.”

அப்படியே சில வருடங்கள் ஓடின. சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் மேலே ஏறிவிட்டு அங்கேயே நின்றுவிடும் ஒரே சாக்ஸ் கலைஞர் அவர்தான். அவமானமாக இல்லையா என்று கேட்டால், “எறங்குறதுக்கு ஒரு நாள் இருக்கு” என்பார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவார். எனக்கு அந்தச் சத்தத்தில் தயிர்சாதம் இறங்காது. ஒரு நாள், 2010 இருக்கலாம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டேன். மேலே போன சத்தம் கீழே வந்துவிட்டிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, “மாஸ்டர், இன்னொரு வாட்டி!” என்றேன். அவரும் குஷியாக வாசித்தார். கீச்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தால் இறங்கும். கேட்க ஒரு ஆள் எதிரே வந்து நின்றால் இறங்காது. “ஆள் மூஞ்சியப் பாத்ததும் தொண்ட மூடிக்குதும்மா,” என்பார். “ஈஸ்டர் ஞாபகம் வந்துடுது.” நான் அவரைக் கேலி செய்ததெல்லாம் அன்றோடு கொஞ்சம் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை, கொஞ்சம் குறைந்தது.

ரெஜினா இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் வேலைக்குப் போய், 2011 கடைசியில் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு மேல்பட்டாம்பாக்கம். மாப்பிள்ளையின் அப்பா ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். பேச வரும்போது, “நீங்க இருந்தா நாலு வார்த்த நல்லா பேசுவீங்க” என்று மாஸ்டர் என்னையும் கூப்பிட்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும் நேரத்தில் ஹெட்மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“ஒண்ணே ஒண்ணுதாங்க. நீங்க பேண்டுல வாசிக்கிறதா சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கம் வர்றவங்க எல்லாம் டீச்சருங்க, ஆபீசருங்க. பொண்ணோட அப்பா நின்னு ஊதிக்கிட்டு இருந்தா அவ்ளோ நல்லா இருக்காது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு வார்த்தை நல்லபடியாகவே வைத்திருந்தேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மாஸ்டர், “சரிங்க, வாசிக்கல” என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். “என்ன மாஸ்டர், எட்டு வருசம்! ஒரு வார்த்தையில விட்டுட்டீங்களே!”

அவர் சாக்ஸ் பையின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். “ரெஜினாவுக்கு அந்தப் பையன ரொம்பப் புடிச்சிருக்கும்மா. நான் எறங்காட்டி இன்னா இப்ப.” பிறகு, “அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றார்.

கல்யாணத்துக்கு முதல் வாரம் ரெஜினாவே கேட்டாளாம், நீங்கள் வாசிக்கவில்லையா என்று. “கோட்டு தெச்சாச்சும்மா, கோட்டு போட்டா கை தூக்க வராது” என்று சமாளித்திருக்கிறார். கீச்சுக்குப் பயந்து அப்பா பின்வாங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

2012 தை மாதம் சிதம்பரத்தில் சாயங்காலம் ரிசப்ஷன். மேடையில் பெண், மாப்பிள்ளை. ஒரு பக்கம் ஹெட்மாஸ்டரும் அவர் மனைவியும். இன்னொரு பக்கம் கோட்டுக்குள் மாஸ்டர். அந்தக் கோட்டு அவருக்குத் தைத்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கீழே இடது பக்கம் வெளியூரிலிருந்து வந்த வாத்தியக் குழு. கீபோர்டு, டிரம்ஸ், நடுவில் ஒரு சாக்ஸ். வாசிக்கிறவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், காதில் கடுக்கன், மினுமினு சட்டை. நான் பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் நின்றிருந்தேன்.

பழைய மெலடி ஒன்றை ஆரம்பித்தான். நல்ல வாசிப்பு. ஆனால் அந்தப் பாட்டு ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் உச்சிக்குப் போய் அப்படியே கீழே விழுந்தது. முதல் சரணத்தில் விழும்போது, கீச்.

மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். யாரோ ஊசி குத்தின மாதிரி இருந்தது. இரண்டாவது சரணம். கீச். முன்வரிசையில் குழந்தைகள் கெக்கெக்கே என்றன. பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. நெற்றி வேர்த்துக் கொட்டுகிறது. இன்னும் ஒரு சரணம் பாக்கி. பாதியில் நிறுத்தவும் முடியாது. மேடையில் ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அந்த ஈஸ்டர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சரணம் மேலே ஏற ஆரம்பித்தது. மாஸ்டர் மேடையின் விளிம்புக்கு வந்தார். போட்டோவுக்காக நின்றிருந்த ஒரு குடும்பத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பையனின் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். பையன் மிரண்டுபோய்ப் பார்க்கிறான், விரல்கள் உச்சியில் நிற்கின்றன. மாஸ்டர் வாயைத் திறந்தார்.

அப்படி ஒரு கொட்டாவியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆலப்பாக்கத்துக் கருவாட்டு வியாபாரி, சூப்பிரண்டெண்டு, நாற்பது பக்க நோட்டு எல்லாம் அதற்குள் இருந்தன. கோட்டுப் பித்தான் ஒன்று தெறித்தது. பையனுடைய மூக்கு விரிந்தது. கண்கள் சொருகின. தாடை தொங்கியது, வாயில் சாக்ஸ் இருக்கும்போதே தொண்டை திறந்துகொண்டது. உச்சியில் நின்ற சத்தம் மேலிருந்து கீழே, நடுவில் எங்கும் நிற்காமல், வந்ததே தெரியாமல் வந்து அடியில் உட்கார்ந்தது. ஒரு பிசிறில்லை.

நான் பரிசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினேன். என்னைத் தவிர யாரும் தட்டவில்லை, ஏனென்றால் மண்டபமே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

ஹெட்மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன சம்பந்தி இது? பொண்ணு கல்யாணத்துல நின்னுக்கிட்டு கொட்டாவியா? எங்க சொந்தக்காரங்களப் பாத்தா உங்களுக்கு அவ்ளோ சலிப்பா இருக்கா? இத நான்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வாய் மூடவில்லை. பெரிசாக, பற்களெல்லாம் தெரிய, அவரும் ஒன்று விட்டார். அவர் மனைவி, பழக்க தோஷம், அவர் வாய்க்கு நேரே சட்டென்று ஒரு சொடக்குப் போட்டார்.

ரெஜினா அதையெல்லாம் பார்க்கவில்லை. அப்பாவின் கொட்டாவிப் பயிற்சி தெரிந்த அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா! கீச்சு வரலப்பா!”

“என்னம்மா கீச்சு?” என்றார் ஹெட்மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வாசிச்சது அவரு, மாமா. எறக்குனது எங்கப்பா.”

ஹெட்மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மேடையேறினேன். வைத்திருந்த நாலு வார்த்தையை இப்போது சொன்னேன். ஈஸ்டரையும் சொன்னேன், செருப்பை மாட்டிக்கொண்டே அவர் போட்ட கண்டிஷனையும் மருமகள் காதில் விழும்படியாகவே சொன்னேன். ஹெட்மாஸ்டர் குனிந்து, மாஸ்டரின் கோட்டுப் பித்தானைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ரெஜினா அத்தனை பூவோடும் நகையோடும் அப்பா தோளில் சாய்ந்து ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. “இந்த ஈஸ்டருக்கு நான் பாடுறேம்ப்பா. நீங்கதான் வாசிக்கணும்.” மாஸ்டர் கையிலிருந்த பித்தானைக் கோட்டில் வைத்து வைத்துப் பார்த்தார்.

அந்த ஈஸ்டருக்குள் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. போக முடியவில்லை. மறுநாள் போன் போட்டு, “மாஸ்டர், எறங்குச்சா?” என்றேன்.

“ரெண்டு எடத்துல சுத்தமா எறங்குச்சும்மா. மூணாவது எடத்துல கீச்சு.”

“அய்யய்யோ. ரெஜினா?”

“அவளா? நிறுத்தல. சிரிச்சுக்கிட்டே பாடி முடிச்சா.” பிறகு அவரும் சிரித்தார். “அந்தக் கீச்சுக்குத்தாம்மா சிரிச்சா. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

இப்போதெல்லாம் கூட்டத்தில் கொட்டாவி வந்தால் நான் வாயைப் பொத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கட்டும். மேலிருந்து கீழே பிசிறில்லாமல் இறங்குகிறதா என்று கவனிக்கிறேன். நன்றாக இறங்கிவிட்டால், சிதம்பரம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு சொடக்குப் போடுகிறேன், மாஸ்டருக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று.